விருந்தினர் நிகழ்ச்சி: நேரலையா, பதிவா, நேரில் போவதா? சிறு வானொலிக்கு எது ஒத்துவரும்

சமுதாய வானொலி நடத்துபவர்கள் வாரம் ஒரு பாடகரையோ வாத்தியக்காரரையோ அழைத்துப் பாடவைத்து, பேசவைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி செய்யலாம் என்று தீர்மானித்ததும் வரும் முதல் கேள்வி, நேரலையாகப் போவதா, பதிவு செய்து போடுவதா என்பது. பெரும்பாலும் இதைக் கருவிகளை வைத்தே தீர்த்துவிடுகிறார்கள். மிக்ஸரில் எத்தனை மைக் போடலாம், அன்றைக்குப் பணியில் யார் இருப்பார்கள் என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். வரப்போகிறவர் என்ன பாடுகிறார், அந்தப் பாட்டு வழக்கமாக எங்கே, யார் முன்னால் பாடப்படுகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கருவிக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே நான் பேசுவது 100 வாட் நிலையங்களைப் பற்றி. இந்தியாவில் சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் ஒலிபரப்புத் திறன் அவ்வளவுதான். ஆன்டெனா உயரமும் பொதுவாக 30 மீட்டருக்குள். சுமார் 10, 15 கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும். அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் தரலாம் என்று கொள்கை மாறியது. அதன் பிறகு வந்த பல நிலையங்களில் ஒரு ஒலிபரப்பு அறை, கொஞ்சம் வசதி இருந்தால் பக்கத்தில் ஒரு பதிவு அறை, சம்பளத்துக்கு இரண்டு மூன்று பேர், மற்றபடி தன்னார்வலர்கள் என்பதுதான் நிலைமை. கையில் இருப்பது இதுதான் என்று வைத்துக்கொண்டு நான்கு வழிகளைப் பார்ப்போம்.

நேரலை

நேரலைக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது, அது நியாயமானதும்கூட. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கியபோது கச்சேரிகள் நேரடியாகத்தான் போயின. சிவப்பு விளக்கு எரிந்தால் தொடங்க வேண்டும், நேரம் முடிவதற்குள் முடிக்க வேண்டும். தவறினால் தவறியதுதான். அந்த நெருக்கடியில் பாடகரிடம் ஒரு கவனம் வரும். கேட்பவருக்கும் அது தெரியும்.

இன்று உலகில் பலர் முன்மாதிரியாகக் காட்டுவது அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் இருக்கும் கே.இ.எக்ஸ்.பி. நிலையத்தை. 1972இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கே.சி.எம்.யூ. என்ற சின்ன மாணவர் வானொலியாகத் தொடங்கி, 2001இல் பெயர் மாறி, நேயர்கள் தரும் பணத்தை முக்கிய ஆதாரமாக வைத்து வளர்ந்தது. அவர்களுடைய விருந்தினர் நிகழ்ச்சிக்கு எளிமையான அமைப்பு உண்டு. குழு சில பாட்டுகளை வாசிக்கும், நடுவில் அறிவிப்பாளர் பேட்டி எடுப்பார், பிறகு மீதிப் பாட்டு. அதைக் காணொளியாகவும் போட்டார்கள். அப்படித்தான் சியாட்டிலைப் பார்த்தே இராதவர்களும் அந்த நிலையத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

நம் நிலையங்கள் அதைப் பார்த்து நேரலைக்கு ஆசைப்படும்போது ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. கே.இ.எக்ஸ்.பி.யில் வாசிப்பதற்கென்று தனி அறை இருக்கிறது, அதற்கென்று தனி ஒலிப்பொறியாளர் இருக்கிறார். முந்தைய நிகழ்ச்சி காற்றில் போய்க்கொண்டிருக்கும்போதே குழு உள்ளே வந்து, வாத்தியத்தைச் சுருதி சேர்த்து, ஒவ்வொரு மைக்கையும் சரிபார்த்துவிடலாம். ஒரே அறை இருக்கும் நிலையத்தில் அது நடக்காது. ஐந்து மணிக்கு நேரலை என்றால் நாலு ஐம்பத்தெட்டு வரைக்கும் அதே அறையில் வேளாண் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். மிருதங்கக்காரர் வராந்தாவில் நிற்பார். இரண்டு நிமிடத்தில் உள்ளே வந்து உட்கார்ந்து வாசித்தால் முதல் பாட்டு முழுக்க மைக் அளவைச் சரிசெய்வதிலேயே போய்விடும். பாட்டுகளில் சிறந்ததை முதலில் பாடுகிறவர்கள் அதிகம் என்பதால் இழப்பு பெரிது.

ஏசி இன்னொரு தொல்லை. கருவிகளுக்காக ஸ்டூடியோவைக் குளிராக வைத்திருப்போம். வெளியே வெயிலில் இருந்து வந்த தோல் வாத்தியம் அந்தக் குளிரில் சுருதி மாறும். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், அப்பிய ரவை சீக்கிரம் காயும். பதிவு என்றால் நிறுத்திச் சரிசெய்யலாம். நேரலையில் அவர் வாசித்துக்கொண்டே தவிக்க வேண்டியதுதான்.

பேச்சில் வேறு மாதிரி ஆபத்து. அரசியல் சார்ந்த செய்தி, நடப்பு நிகழ்ச்சிகளுக்கு சமுதாய வானொலியில் இடமில்லை. ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் சேமித்து வைக்கவும் வேண்டும். விருந்தினர் ஊர்க் கோபத்தில் ஒரு கட்சிக்காரரைப் பெயர் சொல்லித் திட்டிவிட்டால், சில விநாடி தாமதித்து ஒலிபரப்பும் கருவி இருந்தால் அதை நிறுத்தலாம். நமக்குத் தெரிந்த சின்ன நிலையங்களில் அந்தக் கருவி ஏது?

இத்தனைக்குப் பிறகும் நேரலையை விட்டுவிடக் கூடாது என்றே சொல்வேன். ஒரு வகை விருந்தினருக்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது: பாட்டைவிடப் பேச்சு அதிகமாகவும், நேயர்கள் தொலைபேசியில் கூப்பிட ஆசைப்படுபவராகவும் இருக்கும் உள்ளூர்க்காரர். முப்பது வருடம் பள்ளியில் பாட்டு சொல்லித்தந்து ஓய்வுபெற்ற டீச்சர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாணவர்கள் கூப்பிட்டு, "டீச்சர், அந்தப் பாட்டை ஒருதரம் பாடுங்க" என்பார்கள். அவரும் வாத்தியம் எதுவும் இல்லாமல் ரெண்டு வரி பாடுவார். ஒரு மைக், ஒரு தொலைபேசி இணைப்பு, வேறெதுவும் தேவையில்லை. பதிவு செய்து போட்டால் இது செத்துவிடும்.

நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் பதிவு

வாத்தியத்தோடு வரும் பெரும்பாலான விருந்தினருக்கு நான் பரிந்துரைப்பது இது. நேரலை மாதிரியே முழுதாக ஒரே மூச்சில் பதிவு செய்வது, சில நாள் கழித்து ஒலிபரப்புவது.

இதற்கு மிகப் பெரிய சான்று பிரிட்டனின் பி.பி.சி.யில் ஜான் பீல் என்ற அறிவிப்பாளர் நடத்திய நிகழ்ச்சிதான். பி.பி.சி. அரசு ஆதரவு பெற்ற பெரிய நிறுவனம், சுயாதீன வானொலி இல்லை. ஆனால் முறை நமக்கு அப்படியே பொருந்தும். 1967இலிருந்து 2004இல் இறக்கும்வரை ரேடியோ 1 அலைவரிசையில் அவர் அழைத்த குழுக்கள் பெரும்பாலும் லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவில் ஒரே நாளில் நான்கு பாட்டு வாசித்து, அன்றே மிக்ஸ் செய்து முடித்துவிடும். இப்படி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. இந்த வழக்கம் வந்ததற்கு அழகியல் காரணம் எதுவும் இல்லை. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இசைத்தட்டு போடலாம் என்று இசைக்கலைஞர் சங்கத்தோடும் இசைத்தட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் இருந்தது. மீதி நேரத்துக்கு ஆட்களை அழைத்து வாசிக்கவைத்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்தில்தான், இசைத்தட்டே வெளியிடாத பல இளைஞர்களுக்கு முதல் பதிவு கிடைத்தது.

ஒரு நாள், நாலு பாட்டு என்ற அளவை நான் மிகவும் மதிக்கிறேன். நேரம் குறைவாக இருந்தால் வாசிப்பவர் மெருகேற்ற மாட்டார், வாசிப்பார். அதேசமயம் மைக் சரிபார்க்க அரை மணி நேரம் உண்டு, சுருதி போனால் நிறுத்தலாம், இருமல் வந்தால் தண்ணீர் குடிக்கலாம். நேரலையின் கவனமும் இருக்கும், அதன் பயம் இருக்காது.

இதில் நாம் கெடுத்துக்கொள்வது எடிட்டிங்கில்தான். கணினியில் இருக்கிறதே என்று பேச்சின் ஒவ்வொரு "ம்ம்"மையும் வெட்டுவது, ஒரு சரணத்தை இரண்டாவது முயற்சியிலிருந்து எடுத்து ஒட்டுவது, பாட்டுக்கு நடுவில் வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சத்தத்தை நீக்குவது. இதெல்லாம் செய்தால் மிஞ்சுவது கடையில் விற்கும் பாட்டின் சுமாரான நகல். அதைவிட நல்ல பதிவு யூடியூபில் கிடைக்கும்போது நேயர் நம் நிலையத்தை எதற்குக் கேட்க வேண்டும்? ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு மறுமுயற்சி, அதுவும் பாடகர் கேட்டால் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். சட்டப் பிரச்சினை வரும் வாக்கியத்தை வெட்டுங்கள். தடுமாற்றத்தை விட்டுவிடுங்கள்.

ஒலிப்பதிவாளருக்கு ஒரு வார்த்தை. டிஜிட்டலில் பதியும்போது உச்ச அளவு, ஒலி சிதையும் பூஜ்ய எல்லைக்குக் கீழே, கழித்தல் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். பாடகர் ஒத்திகையில் பாடியதைவிடக் கட்டாயம் சத்தமாகப் பாடுவார். ஜால்ராவை மைக்கிலிருந்து தள்ளி உட்காரவையுங்கள். எஃப்.எம். முறையில் உச்சஸ்தாயி ஒலிகளை அனுப்பும்போதே தூக்கி அனுப்புவதால், ஸ்டூடியோவில் அளவாகக் கேட்ட ஜால்ரா ஒலிபரப்பில் லிமிட்டரை (சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் கருவி) முட்டி, குரலையும் சேர்த்து அமுக்கிவிடும்.

நாம் அவர்களிடம் போவது

சில பாட்டுகள் ஸ்டூடியோவுக்கு வராது. பறையை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பறையை வாசிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி வாட்டினால்தான் தோல் இறுகி அந்த ஒலி வரும். நடுவில் தளர்ந்தால் மறுபடி காய்ச்ச வேண்டும். ஏசி ஸ்டூடியோவில் தீ மூட்ட முடியுமா? இப்போது காய்ச்சத் தேவையில்லாத செயற்கைத் தோல் பறைகளும் இருக்கின்றன, அதை வாசிப்பவரிடம் அதையே கேட்கலாம். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நாலு பறை சேர்ந்தால் சிண்டுக்குச்சியின் அடி சுவரில் மோதித் திரும்பி, எல்லாம் ஒரே இரைச்சலாகும். சுவரில் ஒட்டிய பஞ்சு மேல்சத்தத்தைத்தான் உறிஞ்சும், அடிச்சத்தத்தை ஒன்றும் செய்யாது. நாதஸ்வரமும் தவிலும் அப்படித்தான், கோயில் வீதிக்கென்று பிறந்த வாத்தியங்கள். மொட்டைமாடியிலோ மைதானத்திலோ பத்தடி தள்ளி இரண்டே மைக் வைத்துப் பதிந்தால் ஸ்டூடியோவில் எட்டு மைக் வைத்ததைவிட நன்றாக இருக்கும்.

நடவுப் பாட்டில் சிக்கல் வேறு. ஸ்டூடியோவுக்கு வருவது நன்றாகப் பாடும் ஒரே ஒரு அம்மாதான். ஆனால் அந்தப் பாட்டு ஒருத்தி எடுத்துக்கொடுக்க, வரிசையாக நிற்கும் மற்றவர்கள் வாங்கிப் பாடும் பாட்டு. குனிந்த முதுகும் கை வேகமும் சேர்ந்துதான் அதன் தாளம். நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் சொற்கள் வரும், பாட்டு வராது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கும் இதுவே. பாம்பனில் மீனவர்களுக்காகவே கடல் ஓசை எஃப்.எம். 2016இலிருந்து இயங்குகிறது. அப்படிக் கரையிலேயே இருக்கும் நிலையங்களுக்கு இது பெரிய பலம், ரெக்கார்டரோடு பத்து நிமிடம் நடந்தால் போதும்.

வில்லுப்பாட்டுக்கு முழுக்குழுவும் வேண்டும். பத்தடி வரை நீளும் வில், குடம், உடுக்கை, "ஆமாம்" போட ஆள் என்று எல்லாரும் உட்கார ஒரு கூடமாவது தேவை. கூடவே கேட்பவர்களும் தேவை. முன்னால் முகங்கள் இல்லாவிட்டால் வில்லுப்பாட்டுக்காரர் கதையைச் சுருக்கிவிடுவார், நகைச்சுவையை விட்டுவிடுவார். பள்ளிக்கூடத்துக் கூடத்தில் இருபது பேரைக் கூட்டி உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள்.

ஆனால் கிராமத்துப் பாட்டென்றால் கிராமத்தில்தான் பதிய வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. ஒப்பாரி இருக்கிறதே. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்ற நம்பிக்கை பல ஊர்களில் உறுதியாக இருக்கிறது. நன்றாகப் பாடும் பாட்டிகூட, "வீட்டுல வேணாம் சாமி" என்று மறுத்துவிடுவார். மருமகளுக்கும் பிடிக்காது. அவருக்கு ஸ்டூடியோ வசதி. யார் வீடும் இல்லாத இடம் என்பதால் தயக்கமில்லாமல் பாடுவார். அங்கே நேரலை மட்டும் வேண்டாம். பாடும்போது அவருடைய சொந்தச் சாவுகள் நினைவுக்கு வந்து அழுதுவிடுவார். அந்த அழுகையை ஒலிபரப்பலாமா என்று மறுநாள் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும், மணி பார்த்துக்கொண்டு நாமே முடிவு செய்யக் கூடாது.

நேரில் போவதன் செலவு பெட்ரோல் மட்டும் இல்லை, நாள் முழுக்க இரண்டு பேர் போய்விடுவார்கள். காற்றடித்தால் பதிவு வீண், அதனால் மைக்குக்குப் பஞ்சுறை கட்டாயம். ஆடி மாதம் போகவே போகாதீர்கள். நாலு திசையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். கிளம்புவதற்கு முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள், எங்கேயாவது வெட்ட வேண்டி வந்தால் அதை இடையில் வைத்து மூடலாம்.

இணையம் வழியாக

பேட்டிக்குச் சரி, பாட்டுக்கு வேண்டாம். இரண்டு ஊரில் இருக்கும் பாடகரும் வாத்தியக்காரரும் இணைய அழைப்பில் சேர்ந்து வாசிக்க முடியாது, சத்தம் போய்ச் சேரும் தாமதமே தாளத்தைக் குலைத்துவிடும். பாடகர் தனியாகப் பாடினாலும், ஜூம் போன்ற செயலிகள் தொடர்ந்து ஒலிக்கும் தம்புராவையும் சுருதிப் பெட்டியையும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். அந்த இரைச்சல் நீக்கியை அணைத்துவைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது, ஆனால் அதைத் தேடிப் போடும் விருந்தினர் அபூர்வம். வெளிநாட்டில் இருக்கும் கலைஞர்தான் வேண்டும் என்றால் பேச்சை அழைப்பில் வைத்துக்கொண்டு, பாட்டை அவர் கைபேசியிலேயே பதிந்து கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

பேட்டியை எங்கே வைப்பது

எந்த வழியை எடுத்தாலும் இதில் தவறினால் நிகழ்ச்சி கெடும். சில பாட்டு, பேச்சு, மீதிப் பாட்டு என்ற சியாட்டில் அமைப்பு மேடைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சரி. அதிலும் ஒரு வேகமான பாட்டு முடிந்த நொடியில் கேள்வி கேட்கக் கூடாது. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கும். நிலையப் பெயரையும் அடுத்த நிகழ்ச்சியையும் சொல்ல அதுதான் நேரம்.

மேடை ஏறியே பழகாதவர்களுக்குத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் பேச்சு, பாட்டு அதிலிருந்து தானாக வரட்டும். "பாடுங்க" என்றால் கூச்சப்படுகிறவர், "பெரிய பொண்ணைத் தூங்கவைக்க என்ன பாடுவீங்க?" என்று கேட்டால் பாதி வாக்கியத்திலேயே தாலாட்டுக்குள் போய்விடுவார். அவர் பேசத் தொடங்கும் முன்பே ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பதிவு ஓடுகிறது என்று அவருக்குச் சொல்லியிருக்கவும் வேண்டும்.

கேள்விகளில், யாரிடம் கற்றீர்கள், எத்தனை மேடை, என்ன விருது என்ற வரிசையை விட்டுவிடலாம். அகில இந்திய வானொலியில் குரல் தேர்வு உண்டு, தரவரிசை உண்டு. நம் நிலையங்களில் அது இல்லாதது குறை என்று நான் நினைக்கவில்லை. தேர்வில் தேறாத குரலுக்கும், தேர்வு என்று ஒன்று இருப்பதே தெரியாத குரலுக்கும் இங்கே இடம் உண்டு. அவரிடம் விருதைப் பற்றிக் கேட்டு என்ன பயன்? இந்தப் பாட்டை கடைசியாக எப்போது பாடினீர்கள், யார் கேட்டார்கள், இப்போது யாராவது கேட்கிறார்களா என்று கேளுங்கள்.

எதைத் தேர்வது

மாதம் நாலு நிகழ்ச்சி என்றால் இரண்டை ஒரே ஓட்டப் பதிவாகவும், ஒன்றைத் தொலைபேசி அழைப்புகளோடு நேரலையாகவும், ஒன்றை நேரில் போய்ப் பதிந்ததாகவும் வைப்பது சின்னக் குழுவால் முடியும். ஆட்கள் போதாவிட்டால் நேரலையை விடுங்கள், நேரில் போவதை விடாதீர்கள். நேரலையை நாளைக்கும் செய்யலாம். நடவுப் பாட்டுக்காரர்கள் வருடா வருடம் குறைகிறார்கள், நடவு இயந்திரம் வந்த வயல்களில் பாடவும் ஆளில்லை.

கடைசியாக, எழுத்து வேலை. ஒலிபரப்பச் சம்மதித்தவர் யூடியூபில் போடவும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் தங்கள் நிகழ்த்துதலின்மேல் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை உண்டு. 1994 திருத்தத்தில் வந்து 2012இல் வலுவான உரிமை அது. எளிய தமிழில் ஒரு பக்கப் படிவம் போதும்: வானொலியில் ஒலிபரப்ப, மறு ஒலிபரப்ப, இணையத்தில் போட, பிற நிலையங்களுக்குத் தர என்று நாலையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், எதற்கும் வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக்காட்டி, அவர் குரலிலேயே சம்மதத்தைப் பதிந்துகொள்ளலாம். சினிமாப் பாட்டு பாடினால் இணையத்தில் போடும்போது உரிமைக்காரர் கோரிக்கை வரும், அதை முன்பே சொல்லிவிட்டால் அவரே வேறு பாட்டைத் தேர்ந்துகொள்வார்.

பணமும் பேச வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் நமக்காக ஒரு நாளை விடுகிறார். குறைந்தது அந்த நாள் கூலியும் பஸ் செலவும் நிகழ்ச்சியின் பட்ஜெட்டில் முதல் வரியாக இருக்கட்டும். பதிவின் ஒரு பிரதியை மெமரி கார்டிலோ வாட்ஸ்அப்பிலோ அன்றே கொடுத்தனுப்புங்கள். ஒலிபரப்பு எந்த நாள், எத்தனை மணி என்று சொல்லி அனுப்புங்கள். நேரம் மாறினால் மறக்காமல் போன் செய்து சொல்லுங்கள்.